ஒரு விரற்கடைக்குப் பத்தொன்பது கோடியே ஐந்து லட்சம்

எங்கள் நல்லகுறிச்சியில் ஜவுளித் தெரு ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், ஒடுங்கிப்போன விஷயம் ஆனித் திருவிழாக் கொடியேற்றத்தன்று மாலை ஐந்து நாற்பதுக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னால் அது ஒடுங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம், ஏனென்றால் எங்கள் ஊரில் குளம் ஒடுங்கியிருக்கிறது, வாய்க்கால் ஒடுங்கியிருக்கிறது, கல்யாணப் பந்தியில் வைக்கிற வடைகூட ஒடுங்கியிருக்கிறது, தெரு மட்டும் ஒடுங்காமல் இருக்க அதற்கென்ன வரமா வாங்கி வந்திருக்கிறது.

அந்தத் தெருவின் நடுவில் எதிரெதிராக இரண்டு கடைகள். மேற்கே பெரிய கடை, அதில் ஆவுடையம்மாள். கிழக்கே சின்னக் கடை, அதில் அவள் தங்கை காந்திமதி. இரண்டையும் கட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தவர் அவர்களுடைய அப்பா. கொடுக்கும்போதே தெரு நடுவில் ஒரு சப்பட்டைக் கல்லைப் பதித்து, அதிலிருந்து பெரியவள் வாசலுக்கு ஏழு முழம், சின்னவள் வாசலுக்கும் ஏழு முழம் என்று ஊர் முன்னால் அளந்து காட்டி, நாளைக்கு ஒருத்திக்குக் கூட ஒருத்திக்குக் குறைவு என்று எவனும் பேசக்கூடாது என்று சொன்னவர். தேரோட்டத்தன்று அம்மன் சப்பரம் அந்தக் கல்லின்மேல் நின்று தேங்காய் உடைபடும். அந்நேரம் அம்மன் தலையில் வெயில் படாமல், ஒரு கடை உத்தரத்துக் கொக்கியிலிருந்து மறு கடைக் கொக்கிவரை பதினான்கு முழ வெள்ளைத் துணியை மேற்கட்டியாக இழுத்துக் கட்டுவது அந்தக் குடும்பத்தின் உரிமை. துணியின் ஒரு முனையில் அக்காள் பெயரும் மறுமுனையில் தங்கை பெயரும் சிவப்பு நூலில் தைத்திருக்கும். மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும், காக்கா உட்கார்ந்தால் சத்தம் கேட்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இருபத்து நான்கு வருஷமாக அதைக் கட்டவில்லை. காரணம், அந்த அப்பா செத்துப்போன அன்று நடந்த ஒரு பேச்சு.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் போர்த்துகிற கோடித்துணியை இரும்புக் கோல் வைத்து அளக்க மாட்டார்கள். கடைக்கோல் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நிற்கிற சாமான், அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் அது எதற்கு என்பது வழக்கம். ஆகவே மகள்தான் முழங்கையை மடக்கித் தன் கையால் அளக்க வேண்டும். சித்திரை பத்தொன்பதாம் தேதி விடிந்ததும், அழுத கண்ணோடு காந்திமதி தன் கடைக்கு ஓடி, புதுத் துணிக்கட்டைப் பிரித்து, நான்கு முழம் அளந்து கிழித்துக்கொண்டு வந்தாள். அவள் கை குட்டை. முழத்துக்குக் கால் விரற்கடை குறையும் கை. நான்கு முழத்துக்கு ஒரு விரற்கடை. காலை ஏழு மணிக்குப் போர்த்தியபோது அப்பாவின் பெருவிரல்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள், கூடியிருந்த அத்தனை சனத்துக்கும் கேட்க ஒரு வார்த்தை சொன்னாள்.

“கடை நிறையத் துணி வச்சிருக்கியே, அப்பா காலை மூட ஒரு விரக்கடை இல்லாமப் போச்சாட்டி?”

அதோடு முடிந்தது. காந்திமதி பதில் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆவுடையம்மாள் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வாடிக்கைக்காரர்கள் அவள் முதுகைப் பார்த்துத்தான் வேட்டி கேட்டார்கள். காந்திமதியோ வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் சந்நிதியில் நின்று அழுதாள். பாவாடைத் துணி வாங்கப் போன பெண்ணிடம் கூட, “எங்க அக்கா எப்பிடி இருக்கா, மூட்டு வலி தேவலையா?” என்று விசாரித்துவிட்டு மூக்கைச் சிந்துவாள். கல்நெஞ்சுக்காரி யார், கரைகிற நெஞ்சுக்காரி யார் என்பதில் ஊரில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. எனக்கும் இல்லை.

இந்த வருஷம் ஆவுடையம்மாளுக்கு அறுபத்தெட்டு. கோயம்புத்தூரிலிருக்கிற மகன், தேர் முடிந்த மறுநாள் காரோடு வந்து அம்மாவைக் கூட்டிப்போவதென்று முடிவாகிவிட்டது. கடையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவார்கள். போனால் போனதுதான், இந்தத் தெருவில் அக்காளும் தங்கையும் ஒரு சொல் பேசாமலே பிரிந்தது பிரிந்ததுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கொடியேற்றத்தன்று காலையில் அவள் பீரோவைத் திறந்து, பாச்சை உருண்டை மணக்கிற அந்த மேற்கட்டித் துணியை எடுத்துத் தருமகர்த்தா கோலப்ப பிள்ளையிடம் கொடுத்து, “கட்டுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒத்திகைக்குக் கட்டினார்கள். துணி நடுவில் ஒரு சாண் தொங்கியது. அவிழ்த்துக் கட்டினார்கள், மறுபடி ஒரு சாண் தொங்கியது. பூட்டி வைத்திருந்த துணி நீண்டுவிட்டதென்று ஒரு கட்சி, பெரியவள் வேறு துணியைக் கொடுத்துவிட்டாள், அவள் செய்யக்கூடியவள்தான் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் சட்டைக்கையை மடக்குகிற நேரத்தில் கோலப்ப பிள்ளை பியூலா மேடத்தைக் கூப்பிட்டார்.

பியூலா, வருஷத்துக்கொரு முறை வந்து பஜாரில் முகாம் போட்டு எங்கள் தராசுக்கும் மீட்டர் கோலுக்கும் முத்திரை குத்துகிற அதிகாரி. இந்த வருஷ முகாம் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயது, ஒல்லி, குடை. காலேஜில் பௌதிகம் படித்து, அணுவை ஆராயப் போக நினைத்து, பரீட்சை எழுதி, எங்கள் படிக்கல்லுக்கு வந்து சேர்ந்தவர். ஆனால் மனசு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. கோலில் முத்திரை குத்தும்போதே, “இந்தப் பழைய முழம் பதினெட்டு இஞ்சிங்க. ஒரு ஆங்ஸ்ட்ராம்ங்கிறது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவோட அகலம். ஒரு முழத்துக்கு அணுவ வரிசையா நிறுத்தினா நானூத்தி ஐம்பத்தேழு கோடியே இருபது லட்சம் நிக்கும்” என்று சொல்வார். நாங்கள் ஆமாமா என்று தலையாட்டிவிட்டு அடுத்த கோலை நீட்டுவோம். அணு மேடம் என்று அவருக்குப் பெயர்.

அவர் முத்திரைக் கோலால் துணியை அளந்தார். பதினான்கு முழம், இம்மி பிசகவில்லை. பிறகு கொக்கிக்குக் கொக்கி தெருவை அளந்தார். பதினான்கு முழத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது.

“துணி நீளலங்க. தெருதான் கிட்ட வந்திருக்கு” என்றார், ரேஷன் கடையில் பருப்பு வந்திருக்கிறது என்கிற மாதிரி. “ஒரு விரற்கடை கூடினா நடுவுல ஒரு சாண் தொங்கத்தான் செய்யும்.”

பிறகு அவர் தன் வழக்கப்படி விரற்கடையை அணுவாக்கினார். இருபத்து நான்கு விரற்கடை ஒரு முழமென்றால் ஒரு விரற்கடைக்குப் பத்தொன்பது கோடியே ஐந்து லட்சம். டீக்கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாட்டுவைத்தியர்தான், மனுஷன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சு இருபத்தோராயிரத்து அறுநூறு, சித்தர் கணக்கு, அதால் வகுத்துப் பாருங்கள் என்று பொழுதுபோகாமல் சொன்னார். பியூலா வகுத்தார். எட்டாயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது நாள், பத்து மணி நாற்பது நிமிடம் வந்தது. கோலப்ப பிள்ளை பழைய பஞ்சாங்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அது போய் நின்ற இடம் இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய சித்திரை பத்தொன்பது, காலை ஏழு மணி.

மூச்சுக்கு ஓர் அணு. அந்த வார்த்தை விழுந்த நிமிஷத்திலிருந்து யாரோ ஒருத்தி, மூச்சுக்கு ஓர் அணுவாக, விழித்திருந்தாலும் தூங்கினாலும், எதிர்க்கடையை நோக்கி வந்துகொண்டே இருந்திருக்கிறாள், கடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. இரண்டு பேரும் வந்திருந்தால் இரண்டு விரற்கடை குறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஒன்றுதான்.

“அப்ப ஒரே ஆளுதான்” என்றார் கோலப்ப பிள்ளை.

யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் சின்னக் கடையைப் பார்த்தார்கள். காந்திமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒன்பது நாளும் ஊர் அணுவைப் பழகிக்கொண்டது. பேரூராட்சியில் கூட்டம் போட்டு, இதே வேகத்தில் போனால் தெரு முழுக்க மூட எட்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகுமென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஏழாயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷம் இதுபற்றி மறுபடி பேசலாமென்று ஒத்திவைத்தார்கள். பூக்கார இசக்கியம்மாள், “நானூத்தம்பத்தேழு கோடி மல்லி, நானூத்தம்பத்தேழு கோடி மல்லி” என்று கூவி விற்றாள், கை அளவு மட்டும் பழையபடியே குறைந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்து, “அண்ணாச்சி, ரெண்டு கோடி அணு தள்ளி உக்காருங்க” என்றால் அவரும் அளவாகத் தள்ளி உட்கார்ந்தார். பங்காளிச் சண்டையில் குறுக்குச் சுவர் எழுப்பியவர்கள், யாரும் பார்க்காதபோது சுவரை நூல் பிடித்துப் பார்த்தார்கள். தெற்குத் தெருவில் ஒரு புருஷன் தன் கட்டிலுக்கும் பெண்டாட்டி கட்டிலுக்கும் நடுவே சாக்பீஸால் கோடு போட்டுவைத்து, எட்டு நாளாகியும் ஒன்றும் தெரியவில்லையென்று பியூலாவிடம் வந்து முறையிட, “எட்டு நாளைக்கு ஒரு லட்சத்து எழுபத்திரெண்டாயிரத்து எண்ணூறு அணுதாங்க. ஒரு தலைமுடிய நாலா வகுந்தா அதுல ஒரு பங்கு. உங்க கண்ணுக்குத் தெரியாது. பேசாம நீங்களே கட்டில நகத்திப் போடுங்க” என்று அனுப்பிவைத்தார்.

சின்னக் கடையில் கூட்டம் நெரிந்தது. உள்ளூர்ப் பெண்கள் காந்திமதி பக்கத்தில் நின்று அவள் மூச்சுக்காற்றை வாங்கிக்கொண்டார்கள். புருஷன் வீட்டோடு பேச்சுவார்த்தையில்லாத பெண்கள் அவள் கடைத் துணியை எடுத்துப்போய்த் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அவளும் முதலில் கூச்சப்பட்டு, பிறகு கூச்சப்படுவதை விட்டுவிட்டாள். “என்ன செய்ய, கூடப் பிறந்த பாசம். அவ முதுகைக் காட்டினா நானும் காட்ட முடியுமா?” என்றாள். பெரிய கடைக்கு யாரும் போகவில்லை. ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்தபடி, மிச்சமிருந்த சரக்கைத் தானே மடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

தேருக்கு முந்தின நாள் காலையில் ஒரு சிக்கல் வந்தது. தொங்குகிற துணியில் சப்பரக் குடை மாட்டும், ஆகவே ஒரு விரற்கடை வெட்டியாக வேண்டும். எந்த முனையில் வெட்டுவது? இரண்டு முனையிலும் பெயர் இருக்கிறது. எந்தக் கடை நகர்ந்ததோ அந்தக் கடை முனையில்தான் வெட்டவேண்டும், நகராதவள் பெயரில் கத்திரி வைத்தால் அம்மன் கேட்பாள் என்றார் கோலப்ப பிள்ளை. யாரென்று தெரிந்ததுதான், இருந்தாலும் முறைக்கு அளந்துவிடுவோம், நடுக்கல்தான் இருக்கிறதே என்றார்.

“அளங்க, எனக்கென்ன” என்றாள் காந்திமதி, கடைப் படியில் வந்து நின்று.

“வேண்டாம்மா” என்றாள் ஆவுடையம்மாள், பியூலாவிடம். இருபத்து நான்கு வருஷத்தில் அவள் சுவரைவிட்டுத் திரும்பி நாங்கள் பார்த்தது அப்போதுதான். “அளக்காண்டாம். என் முனையிலயே வெட்டிக்கிடுங்க. நான் போறவதான?”

அவள் விட்டுக்கொடுக்கிறாள் என்று எங்களுக்குப் படவில்லை. குட்டு உடைந்துவிடுமே என்ற பயம் என்றுதான் பட்டது. பியூலாவும் தயங்கினார். “நான் கோல அளக்க வந்தவ தருமகர்த்தா ஐயா, ஆள அளக்க வந்தவ இல்ல” என்றார். ஆனால் கூட்டம் விடவில்லை. கடைசியில் அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு, கல்லின் நடுக்குறியில் கோலை வைத்து, முதலில் கிழக்கே அளந்தார்.

சின்னக் கடை வாசலுக்கு ஏழு முழம். சரியாக ஏழு முழம்.

மேற்கே அளந்தார். பெரிய கடை வாசலுக்கு ஏழு முழத்துக்கு ஒரு விரற்கடை குறைவு.

பியூலா யாரும் சொல்லாமலே மறுபடி அளந்தார். காந்திமதி படியிறங்கி வந்து, தன் கடைக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, அதால் அளந்தாள். அதிலும் ஏழு முழம். பிறகு தெருவில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பட்டுப் புடவை புழுதியாக, முழங்கையை மடக்கிக் கையால் அளந்தாள். அவள் கைக்கு ஏழு முழமும் மேலே கொஞ்சமும் வந்தது. எந்த அளவிலும் அவள் வாசல் அவள் அப்பா வைத்த இடத்தில்தான் இருந்தது.

“மேடம்,” என்றாள், “ஒரு அணு கூடவா நகரல?”

பியூலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அந்த வேலைக்கு அதுதான் தகுதி. “இந்தக் கோலுக்குத் தெரியிற அளவு நகரலம்மா” என்றார். அதற்குமேல் மெதுவாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

“இருபத்து நாலு வருஷமா நாந்தான அழுதேன்” என்றாள் காந்திமதி. எங்களைப் பார்த்துக் கேட்டாள், கோயிலைப் பார்த்துக் கேட்டாள். “நீங்கல்லாம் பாத்தீயள்லா? நாந்தான அழுதேன்?”

பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிய முதுகைப் பார்த்து நான் எத்தனை வருஷம் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்தேன், நினைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைப் போலவே பலர் குனிந்துகொண்டதால், தெருவில் இருந்த கல்லையும் புழுதியையும் அன்றைக்கு ஊரே பார்த்தது.

கோலப்ப பிள்ளை கத்திரியை எடுத்துக்கொண்டு பெரிய கடை முனைக்குப் போனார். கத்திரியைத் திறக்கிற சத்தம் கேட்டதும் காந்திமதி புழுதியிலிருந்து எழுந்தாள்.

“வெட்டாதிய” என்றாள்.

பிறகு நடந்தாள். பதினைந்து தப்படி கூட இல்லாத தெரு. கல் வரைக்கும் ஏழு முழம் நடந்தாள், கல்லைத் தாண்டினாள், அதற்கப்புறம் இருந்த ஏழு முழத்துக்கு ஒரு விரற்கடை குறைவை நடந்தாள், பெரிய கடைப் படியேறி, அக்காள் முன்னால் போய் நின்றாள். அத்தனை வருஷமும் ஒத்திகை பார்த்த சொல்லெல்லாம், தான்தான் பாசம் மாறாதவள் என்ற நினைப்பில் செய்து வைத்தது. இப்போது ஒன்றும் உதவவில்லை.

“ஏங்க்கா,” என்றாள், “அவ்வளவு தூரம் வந்தவ, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“அந்த வாயாலதானட்டி கெட்டுது” என்றாள் ஆவுடையம்மாள். “அதை நம்பி மறுபடி தொறக்கவா சொல்லுத?”

காந்திமதி தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். “என் கை குட்டைக்கா. நான் நாலு முழம் சரியாத்தான் அளந்தேன்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். சொல்லி வாய மூடுததுக்குள்ள தெரிஞ்சிட்டு. சின்னப்புள்ளைலேருந்து உனக்குச் சட்டை தச்சவ நான், கையளவு எனக்குத் தெரியாதா? அப்பா கால் வெளிய தெரிஞ்சதும் மனசு பொறுக்கல, உம்மேல பாய்ஞ்சிட்டேன்.” அவள் தங்கையின் முழங்கையைப் பிடித்து, நடுவிரல் நுனிவரை தடவிக்கொடுத்தாள். “அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்லட்டி. அதான் நாற்காலியத் திருப்பிப் போட்டேன்.”

சாக்குகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அன்றைக்குத்தான் பெரியவள் அழுது நாங்கள் பார்த்தோம், அது சின்னவள் அழுகை மாதிரி அழகாக இல்லை.

மறுநாள் மேற்கட்டியை வெட்டாமல், ஒரு சாண் தொங்கத் தொங்கவே கட்டினார்கள். சப்பரக் குடையை ஒரு சாண் இறக்கிப் பிடிப்பதென்று கோலப்ப பிள்ளை உத்தரவு போட்டார். அம்மன் அந்தத் தொய்வுக்குக் கீழே, இருபத்து நான்கு வருஷம் கழித்து நிழலில் நின்றாள். பியூலாவும் லீவு போட்டுவிட்டு வந்து தேங்காய்ச் சில் வாங்கித் தின்றார்.

அதற்கு மறுநாள் கார் வந்தது. மகன் சாமான்களை ஏற்றிவிட்டு, வண்டியில் ஏறும்மா என்று இரண்டு தடவை சொல்லியும் ஆவுடையம்மாள் ஏறவில்லை. சின்னக் கடைப் படியில் நின்று தங்கையைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஏட்டி, எனக்கு ஒண்ணுன்னா உனக்குத்தான் முதல்ல போன் வரும், சொல்லிவச்சிருக்கேன். எனக்குப் பொம்பளப்புள்ள இல்ல. கோடி நீதான் எடுத்துட்டு வரணும்.”

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுக்கா இது.”

“கேளு. கோலு வைக்கக் கூடாது, மீட்டரு வைக்கக் கூடாது. உன் கையாலதான் அளக்கணும்.” காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கினாள். “அப்பாவ விட நான் குட்டை. உன் கைக்கு நாலு முழமே எனக்குச் சரியா வரும்.”